பாலைவனத்து வீடும் பன்னிரண்டு வார விடுப்பும்

2025 மார்ச் 10, திங்கட்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். முந்தின நாள்தான் நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருந்தார்கள். அரிசோனாவில் அப்படித் தள்ளுவதில்லை. அங்கிருந்து சனிக்கிழமைதான் திரும்பியிருந்தோம் என்பதால் உடம்புக்கு அது இன்னும் 1.50.

வெந்நீரில் இரண்டு கைகளையும் பத்து நிமிடம் வைத்திருந்தேன். பிறகு பல் தேய்த்தல், குளியல், இரண்டு இட்லி, மாத்திரை, காபி. கோட்டின் மேல் இரண்டு பொத்தான்களைக் கணவர் போட்டுவிட்டார். கீழே உள்ள மூன்றை நானே போட்டேன். நியூ ஜெர்சியில் வெளியே உறைநிலைக்குச் சற்று மேலே. 6.40க்குக் கிளம்பி 7.05க்கு மருத்துவமனையின் ஊழியர் நல அறைக்கு வெளியே உட்கார்ந்தேன். பரிசோதனை 7.30க்கு.

பரிசோதனை என்னுடைய கைகளுக்கு. அதே மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். ரத்தமும் சீரமும் கொண்ட சிறிய குழாய்களைத் திறந்து, அளந்து, மூடி, இயந்திரத்தில் அடுக்குவது என் வேலை. ஆறு வருடமாக எனக்கு முடக்குவாதம். விரல் கணுக்கள் வீங்கும், குளிர்காலத்தில் மடங்காது. பன்னிரண்டு வார மருத்துவ விடுப்பு முடிந்து திரும்புகிறவர் பத்து நிமிடத்தில் நாற்பது குழாய்களின் மூடியைத் திறந்து மூடிக் காட்டவேண்டும். காட்டினால் பழைய மேசை. இல்லையென்றால் இரண்டாம் மாடியில், முடிவுகளைத் தொலைபேசியில் டாக்டர்களுக்குப் படித்துச் சொல்லும் வேலை. விடுப்புக்கு முன்பு, டிசம்பர் 13 அன்று இதே அறையில் நான் திறந்து மூடியவை பதினான்கு.

அந்த இருபத்தைந்து நிமிடத்தில் கையிலிருந்த நாட்குறிப்பை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். நான் தினமும் எழுதுகிறவள். எழுதிவைத்ததால் எதையும் மாற்றி ஞாபகம் வைத்துக்கொள்ளும் வசதி எனக்கு இல்லை.

போன வருடம் செப்டம்பரில் டாக்டர் சொன்னது இது: இடம் மாறினால் நோய் போகாது. ஆனால் உங்களுக்குக் குளிரில் வலி கூடுகிறது. உலர்ந்த வெப்பத்தில், வேலையில்லாமல், தினமும் பயிற்சி செய்தால் விரல்கள் திரும்ப வாய்ப்பு உண்டு. எவ்வளவு என்று உறுதி சொல்லமாட்டேன்.

அன்றிரவே கணவர் கம்ப்யூட்டரில் தேட ஆரம்பித்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு, எனக்கு ஐம்பத்தாறு. அவர் வேலையை எங்கிருந்தும் செய்யலாம். அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகரிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்தில், ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு மட்டுமான ஒரு குடியிருப்பு. தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கிய வீடுகள், வரிசை வரிசையாக. வீடு நமக்கு, அடியில் இருக்கும் மண்ணுக்கு மாத வாடகை. எங்களைப் போன்றவர்கள் வாங்கமுடிகிற விலைக்குக் காரணமே அதுதான். அக்டோபரில் போய்ப் பார்த்தோம். இரண்டு படுக்கையறை. தரை முழுக்க ஒரே மட்டம், படி இல்லை. குழாய்களுக்குத் திருகு இல்லை, நீளக் கைப்பிடி. பின்பக்கம் ஓர் ஆரஞ்சு மரம். சமையலறை ஜன்னல் வழியாக வெயில் மதியம் வரை உள்ளே இருந்தது. நான் இரண்டு கைகளையும் அந்த மேடைமேல் வைத்துக்கொண்டு நின்றேன். கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புடிச்சிருக்கா?"

"கை சூடா இருக்கு," என்றேன்.

"அப்ப இதுதான். உன் பேர்லயே வாங்கிடலாம்மா."

அதை நான் மறுக்கவில்லை. கல்யாணமாகி முப்பது வருடத்தில் என் பெயரில் மட்டும் இருக்கும் முதல் சொத்து.

திட்டம் என் கையெழுத்தில் அப்படியே இருக்கிறது. டிசம்பர் 12 வியாழன், பத்திரம். 14 சனி, விமானம். 15 ஞாயிறு, கார்த்திகையின் கடைசி நாள். காலையில் பால் காய்ச்சுவது. ஃபீனிக்ஸ் கோயில் சாஸ்திரிகள் நேரம் குறித்துக் கொடுத்திருந்தார். 16 திங்கள், விடுப்பின் முதல் நாள். எனக்குப் பதிலாக வேலை செய்ய அந்தத் தேதியிலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டார்கள்; மாற்ற முடியாது என்று மேலாளர் இரண்டு முறை சொன்னார். திறக்கச் சுலபமான மூடிகள், தடித்த கைப்பிடி வைத்த கரண்டிகள், பயிற்சிக்கான ரப்பர் பந்துகள் எல்லாம் வாங்கி, குடியிருப்பு அலுவலகத்தின் முகவரிக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்திருந்தேன்; பத்திரம் முடிந்ததும் வீட்டுக்குள் வைத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

டிசம்பர் 12 காலை 10.20க்கு மின்னஞ்சல் வந்தது. மனை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டிய குடியிருப்பு மேலாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பத்திரம் செவ்வாய்க்கிழமை, 17ஆம் தேதி.

இந்தியக் கடையில் கொடுத்த தினசரிக் காலண்டர் எங்கள் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் தொங்கும். அன்று மாலை கணவர் அதன் தாள்களைத் தூக்கிப் பார்த்தார். "மார்கழி ரெண்டு," என்றார். உடனே பிளேனோவுக்குப் போன் போட்டார்.

பிளேனோவில் இருப்பது அவருடைய அக்கா. எனக்கு அண்ணி. ஸ்பீக்கரில் வண்டிச் சத்தம் கேட்டது.

"டோல்வேல இருக்கேன்டா, சத்தமாப் பேசு. என்னது, மார்கழியா? நல்லாருக்கு! ஊர்ல கூரை வீட்டுக்குக்கூட மார்கழில பால் காய்ச்சமாட்டாங்க. தை பொறக்கட்டும்."

"அவளுக்கு லீவு தொடங்குதுக்கா."

"லீவு தொடங்கினா வீட்ல ரெஸ்ட் எடுக்கட்டும். அங்கயும் வீடுதானே இருக்கு? ஏம்மா, கேக்குதா? ஹீட்டர ஏத்தி வெச்சுக்கோ. ஒரு மாசம்தான, ஓடிரும்."

"கேக்குது அண்ணி," என்றேன்.

போன் வைத்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"ஏங்க, அடியில சக்கரம் வெச்ச வீடுங்க அது. லாரில வந்து இறங்கினது. கிரகப்பிரவேசம் எதுக்கு? டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கிட்டுப் போலாம். காருக்கு மார்கழி பாத்தோமா?"

"பாத்தோமே. போன கார் டெலிவரிய தை மாசத்துக்குத் தள்ளினோம். மறந்துட்டியா?"

மறந்துவிட்டேன். பழைய நாட்குறிப்பில் தேடியபோது அதுவும் இருந்தது.

"அப்ப செவ்வாய்க்கிழமை பத்திரம் மட்டும் போடலாமா? அது மார்கழி ரெண்டாம் தேதிதானே?"

"அது ஆன்லைன்ல கையெழுத்து. வேற. விட்டா அந்தாளு வேற யாருக்காவது வித்துருவான்."

"குடி போறதுக்கு மட்டும் மார்கழியா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "இந்த வீட்டுக்கு ஆடில வந்தோம். நீயும் இதையேதான் சொன்ன, அமெரிக்கால என்ன ஆடின்னு. ஆறு வாரத்துல அப்பா போயிட்டாரு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. திருப்பி அந்த ரிஸ்க் வேணாம்மா. அதுவும் உன் பேர்ல."

இந்த இடத்தில் நான் எப்போதும் நிறுத்திக்கொள்வேன். அவருடைய அப்பா போனது நிஜம். அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது சாம்பல்தான் இருந்தது என்பதும் நிஜம். ஆடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதை அவரிடம் சொல்லி நிரூபிக்க என்னிடம் எந்தக் குழாயும் இயந்திரமும் இல்லை. "சரி" என்றேன். அந்தச் "சரி" நாட்குறிப்பில் டிசம்பர் 12, மாலை 6.15 என்ற நேரத்தோடு இருக்கிறது.

அங்கே போய் ஹோட்டலில் தங்கலாமா என்று 14ஆம் தேதி கேட்டேன். "சொந்த வீட்ட பக்கத்துல வெச்சுக்கிட்டு ஹோட்டலா? கேட்டா சிரிப்பாங்க," என்றார். யார் கேட்கப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

சான் ஹோசேயில் வேலை செய்யும் எங்கள் மகள் போனில் கத்தினாள். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும். "அம்மா, ஜஸ்ட் கோ! இட்ஸ் யுவர் ஹவுஸ். ஐ வில் டேக் டைம் ஆஃப். ஐ வில் டேக் யூ."

"அப்பா மனசு கஷ்டப்படும்டா."

"அண்ட் யுவர் ஹேண்ட்ஸ்?"

அதற்கு நான் சொன்ன பதிலை அன்று எழுதவில்லை. நான் எழுதாமல் விட்ட மிகச் சில விஷயங்களில் அது ஒன்று. "ஒரு மாசம்தானே" என்று அண்ணியின் வார்த்தையையே அவளுக்குச் சொன்னேன்.

விடுப்பின் முதல் வாரம், டிசம்பர் 16 முதல் 22 வரை, வீட்டுக்குள்ளேயே கழிந்தது. ஹீட்டரை ஏற்றிவைத்தால் தோல் வறண்டு வெடித்தது. இறக்கிவைத்தால் விரல் பூட்டிக்கொண்டது. 17ஆம் தேதி மதியம் லேப்டாப்பில் என் பெயருக்கு நேரே பதினொரு இடத்தில் அழுத்தினேன். வீடு என்னுடையதாயிற்று. சாவி அங்கே வாசல் கைப்பிடியில் தொங்கும் ஒரு சிறு பெட்டிக்குள் இருப்பதாகவும், அதைத் திறக்க நான்கு எண்கள் என்றும் மின்னஞ்சல் வந்தது. கணவரிடம் காட்டினேன். அவர் அதைத் தன் போனில் சேமித்துக்கொண்டார்.

டிசம்பர் 26, வியாழன், காலை 9.10. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முந்தின நாள் எடுத்த படங்கள் வந்தன. முதல் படத்தில் அண்ணி. செருப்பில்லாமல், கையில்லாத நைட்டியில், கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். பின்னால் ஓர் ஆரஞ்சு மரம். இரண்டாவது படத்தில் அவருடைய மகன், மருமகள், இரண்டு பேரக் குழந்தைகள். மூன்றாவதில் சமையலறை மேடை, அதன்மேல் விழுந்த வெயில், ஒரு டம்ளர் காபி.

நான் அந்த மேடையைத்தான் அதிக நேரம் பார்த்தேன். கணவர் மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார். முடியும்வரை படிக்கட்டின் கீழே காத்திருந்தேன். இருபத்தெட்டு நிமிடம்.

"இது எந்த வீடு?"

போனைப் பார்த்தார். முகம் போன போக்கிலேயே தெரிந்தது. "சொல்லலாம்னுதான் இருந்தேன். கிராண்ட் கேன்யன் பாக்கப் போறாங்க. பசங்களோட ஹோட்டல் கஷ்டம்னு அக்கா சொன்னா. நாலு நாள்தான்."

"மார்கழி?"

"அவங்க குடி போகலையேம்மா. கெஸ்ட்தானே."

"அப்ப நானும் கெஸ்டா போறேன்."

"உன் பேர்ல இருக்கு வீடு. ஓனர் எப்படி கெஸ்டா போக முடியும்?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. யோசித்து, நியாயமாக இருப்பதாக நம்பித்தான் சொன்னார். அவர் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மதியம் அண்ணியே கூப்பிட்டார்.

"ஏம்மா, கோவமா? தம்பி சொன்னான். நீ ஒண்ணும் நெனச்சுக்காத. நாங்க எல்லாம் பாத்துத்தான் செஞ்சிருக்கோம். சாமி ரூம்னு நீ சொல்லியிருந்த பக்கமே போகல. வெளக்கு ஏத்தல. பால்கூடக் காய்ச்சல, தெரியுமா? பவுடர் பால்லதான் காபி. மருமக நல்ல பால் வாங்கிட்டு வந்துட்டா, நான்தான் அடுப்புல வெக்கக்கூடாதுன்னு திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். மொதப் பால் நீதான் காய்ச்சணும்."

"சரி அண்ணி."

"வெயில்னா என்னா வெயிலு! என் முட்டி வலி போன எடம் தெரியல. மூணு நாளா தைலமே தொடல. உன் கைக்கு ரொம்ப நல்லாருக்கும்மா. ஆமா, அந்தக் குண்டுக் கரண்டியெல்லாம் எதுக்கு? பசங்க அத வெச்சு மண்ணு தோண்டிட்டு இருக்குங்க."

"அது எனக்கு, அண்ணி. பிடிக்கச் சுலபம்."

"அய்யோ, சொல்லக்கூடாதா. கழுவி வெச்சுடறேன்."

கழுவித்தான் வைத்திருந்தார். பிப்ரவரியில் போனபோது எண்ணிப் பார்த்தேன். ஆறில் ஐந்து இருந்தன.

ஜனவரி 14 தை பிறந்தது. பொங்கலை அடுப்பிலிருந்து கணவர்தான் இறக்கினார். விடுப்பின் ஐந்தாவது வாரம். தையின் முதல் முகூர்த்த நாள் அவருக்குச் சந்திராஷ்டமம் என்று சாஸ்திரிகள் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அடுத்த முகூர்த்தம் சாஸ்திரிகளுக்குச் சரி, எங்களுக்குச் சரி, அண்ணிக்குத்தான் சரியில்லை. பிளேனோவில் பேரனின் காதுகுத்து. "அக்கா இல்லாம எப்படி?" என்றார் கணவர். அதற்கு அடுத்தது பிப்ரவரி 10. இந்த நாட்களைப் பற்றி என் நாட்குறிப்பில் ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் ஓர் எண் மட்டும் இருக்கிறது: மிச்சமிருக்கும் வாரம். ஏழு. ஆறு. ஐந்து.

கணவரைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்த எட்டு வாரமும் தினமும் இரண்டு வேளை வெந்நீர் வைத்துக்கொடுத்தார். என் தலையை வாரிப் பின்னக் கற்றுக்கொண்டார். மாத்திரை டப்பாவை ஞாயிறுதோறும் நிரப்பினார். ஒரு நாள் என் விரல்களைத் தேய்த்துக்கொண்டே அழுதார். "தை வரட்டும்மா, எல்லாம் சரியாகிடும்," என்றார். தை அப்போது பாதி போயிருந்தது.

பிப்ரவரி 9 ஞாயிறு மாலை போய்ச் சேர்ந்தோம். அன்றிரவும் வீட்டுக்குள் தூங்கக்கூடாது என்று பக்கத்து ஊரில் ஹோட்டலில் தங்கினோம். யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை சாஸ்திரிகள் ஃபீனிக்ஸிலிருந்து வந்தார். வீட்டுக்குள் நெருப்பு மூட்ட அனுமதியில்லை. கார் நிற்கும் கூரையின் கீழ் அலுமினியத் தட்டில் ஹோமம் நடந்தது. எதிர்வீட்டுக்காரர், எண்பது வயது இருக்கும், தீயணைப்பு உருளையைக் கையில் பிடித்தபடி ஒன்றரை மணி நேரம் எங்களோடு நின்றார். பிறகு கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார். உள்ளே மின்சார அடுப்பு மெதுவாகச் சூடேறியது. பால் பாத்திரத்தை என்னால் தூக்கி வைக்க முடியவில்லை.

"ஓரத்துல தொடும்மா, போதும்," என்றார் அண்ணி. அவரே தூக்கி வைத்தார். பால் பொங்கியபோது, "கிழக்கால பொங்குது! பாத்தீங்களா? காத்திருந்ததுக்குப் பலன்," என்று கைதட்டினார். கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மேடைமேல் விழுந்திருந்த வெயிலில் கையை வைத்தேன். அக்டோபரில் இருந்ததுபோலவே சூடாக இருந்தது. டிசம்பரிலும் அப்படித்தான் இருந்திருக்கும். அதற்குப் படச் சாட்சி இருக்கிறது.

மீதி நான்கு வாரத்தைப் பற்றி எழுதுவதுதான் எனக்கு அதிகச் சிரமம். ஏனென்றால் டாக்டர் சொன்னது நடந்தது. காலை 7.15க்கு வெளியே வந்தால் காற்றில் ஈரமே இருக்காது. குடியிருப்பின் எல்லைச் சுவர் வரை நடப்பேன். சுவருக்கு அப்பால் வெறும் சரளை மண், ஆளுயரக் கள்ளிகள், தூரத்தில் நிறமே இல்லாத மலை. எட்டு மணிக்குச் சுவர் சூடாகிவிடும். இரண்டு உள்ளங்கையையும் அதில் பதித்து இருபது வரை எண்ணுவேன். பிறகு பந்துப் பயிற்சி, வெயிலில் அரை மணி, மதியம் தூக்கம். பிப்ரவரி 19: ஜாக்கெட் ஊக்கு மூன்றும் நானே. பிப்ரவரி 26: தேன் பாட்டில் திறந்தேன். மார்ச் 2: சப்பாத்தி மாவு பிசைந்தேன், இரண்டு பேருக்கு. மார்ச் 4: குழந்தைகள் திறக்க முடியாதபடி செய்த மாத்திரைப் புட்டியின் மூடியை அழுத்தித் திருகினேன். அது திறந்த சத்தம் கேட்டுக் கணவர் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தார்.

"பாத்தியா! நான் சொன்னேன்ல, நல்ல நாள் பாத்து வந்தா எல்லாம் கூடி வரும்னு!"

மூடியைத் திரும்பப் போட்டேன். அதற்கும் அழுத்தவேண்டும். அழுத்தினேன். நியூ ஜெர்சிக்குத் திரும்ப நான்கு நாள் இருந்தது. இன்னும் சில வாரம் விடுப்பு கேட்டு மேலாளருக்கு அன்று மாலை எழுதினேன். சட்டப்படி உள்ளது பன்னிரண்டுதான், அது தீர்ந்துவிட்டது என்று மறுநாள் மரியாதையாகப் பதில் வந்தது. எங்கள் இருவருக்கும் மருத்துவக் காப்பீடு என் வேலையில்தான் இருக்கிறது. என் ஊசி மருந்தும் அதில்தான். வேலையை விடுவது என்ற பேச்சுக்கு இடமில்லை.

7.30க்கு நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டார். நாட்குறிப்பைப் பைக்குள் வைத்தேன்.

நாற்பது குழாய்கள் நான்கு வரிசையாகத் தாங்கியில் இருந்தன. உள்ளே வெறும் தண்ணீர். நர்ஸ் கடிகாரத்தை அழுத்தினார். முதல் வரிசையை இரண்டு நிமிடத்துக்குள் முடித்தேன். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சொன்னதைக் கேட்டன. இரண்டாவது வரிசை முடியும்போது நாற்பதைத் தொட்டுவிடுவேன் என்றே நினைத்தேன். மூன்றாவது வரிசையின் நடுவில் வலது கட்டைவிரல் கணு எரிய ஆரம்பித்தது. இடது கைக்கு மாற்றினேன். ஒரு மூடி வழுக்கித் தரையில் உருண்டது. குனிந்து எடுக்கவேண்டாம் என்றார் நர்ஸ். பத்து நிமிடம் முடிந்தபோது முப்பத்தொன்று.

"பதினாலிலிருந்து முப்பத்தொன்று! எவ்வளவு பெரிய முன்னேற்றம்!" என்று ஆங்கிலத்தில் சொன்னார் அந்த நர்ஸ். நல்ல பெண். "என்ன செய்தீர்கள்?"

"நான்கு வாரம் வெயிலில் இருந்தேன்."

"மீதி நாளெல்லாம்?"

"நாள் பார்த்துக்கொண்டிருந்தோம்," என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. விளக்கவில்லை.

எட்டு வாரம் முன்பே போயிருந்தால் நாற்பதைத் தொட்டிருப்பேன் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவளுக்கு அது தெரியும். தெரிந்தும் நம்புகிறேன்.

மேலாளர் பத்து மணிக்கு அழைத்தார். இரண்டாம் மாடி, நாளை முதல், அதே சம்பளம். ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது என் மேசையில் வேலை செய்துகொண்டிருந்த இளம்பெண் எழுந்து வந்து, தனக்கு அந்த இடம் நிரந்தரமாவதில் சங்கடம் என்றாள். சங்கடப்பட வேண்டாம் என்றேன். இழுப்பறையிலிருந்து என் அளவுகோல், என் பேனாக்கள், கண்ணாடி துடைக்கும் துணி ஆகியவற்றை எடுத்துக்கொண்டேன். அவள் எல்லாவற்றையும் ஒழுங்காகவே வைத்திருந்தாள்.

மாலை 5.40க்கு வீடு. கணவர் ரசம் வைத்து அப்பளம் பொரித்திருந்தார். எண்ணிக்கையைச் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார்.

"வர்ற கார்த்திகை பொறந்த உடனே போயிடலாம்மா. இனிமே அது பழைய வீடுதானே. நாள் பாக்க வேண்டியதே இல்ல."

"அப்ப என் மேசை இல்லீங்க."

"போன் வேலையும் வேலைதானே."

"ஆமாம்."

அவர் துடைத்த மேடையையே மறுபடி துடைத்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்து கேட்காமல் போகிறார் என்று தெரிந்தது. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. கேட்காமல் இருந்ததே நல்லது.

7.25க்கு அண்ணியின் குரல்செய்தி என் போனுக்கு வந்தது. கணவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அழுத்திக் கேட்டேன்.

"தம்பி சொன்னான்மா. விடு. உக்காந்த எடத்துல சம்பளம், யாருக்குக் கெடைக்கும்? கையும் தேறிருச்சுல்ல, அது போதும். அப்புறம், பசங்களுக்கு ஸ்ப்ரிங் பிரேக் வருது. உன் வீடு சும்மாதானே பூட்டிக் கெடக்கு? ஒரு வாரம் போயிட்டு வரலாம்னு கேக்குதுங்க. பழைய நம்பர்தானே பெட்டிக்கு? நான் போய் நல்லாத் தொடச்சும் வெச்சுட்டு வந்துடறேன்."

கணவர் என் முகத்தைப் பார்த்தார். "நான் பேசிக்கறேன்," என்று கையை நீட்டினார். நான் போனைக் கொடுக்கவில்லை. இடது கட்டைவிரலால் தட்டினேன். வலது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "வேண்டாம் அண்ணி" என்று எழுதி அனுப்பினேன். காரணம் எழுதவில்லை. மன்னிக்கவும் என்றும் எழுதவில்லை.

"அவங்க என்ன நெனப்பாங்க?" என்றார் கணவர்.

"நெனைக்கட்டும்."

இரண்டு நீல டிக் விழுந்தது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் நாட்குறிப்பில் முப்பத்தொன்று என்று எழுத்திலும் எண்ணிலும் எழுதினேன்.

மார்ச் 11, செவ்வாய். காலை 6.55க்கு இரண்டாம் மாடி. ஜன்னல் இல்லாத அறை, ஒரு போன், ஒரு திரை, ஒரு நாற்காலி. எனக்கு முன்னால் இருந்தவர் உயரமானவர் போலிருக்கிறது. உட்கார்ந்தால் என் கால் தரையைத் தொடவில்லை. நாற்காலியை இறக்கும் நெம்புகோல் இருக்கைக்கு அடியில் இருந்தது. விரல்களால் இழுக்க வரவில்லை. உள்ளங்கையின் விளிம்பை அதன்மேல் வைத்து உடம்பின் எடையோடு அழுத்தினேன். இறங்கியது. முதலில் அதைத்தான் செய்தேன்.